சுயம்புலிங்கம் அவிழ்க்காத காப்பு

எனக்குத் துரோகம் செய்தவர்களில் முதல் ஆள் சுயம்புலிங்கம், என் வீட்டுக்காரியின் உடன்பிறந்த தம்பி, நாவல்விளை முத்தாரம்மன் கோயில் கமிட்டித் தலைவன், என்னை வாய் நிறைய அத்தான் என்று கூப்பிடுகிறவன், இன்று காலையிலும் அப்படித்தான் கூப்பிட்டான். மற்றவர்களும் உண்டு, அவர்கள் பெயரும் எனக்கு மறக்கவில்லை, ஆனால் அவர்களெல்லாம் தெரியாமல் செய்தவர்கள், இவன் ஒருத்தன்தான் தெரிந்து செய்தான். என் பெயர் தவசிமுத்து. அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தேன். இதை நாவல்விளைக்கு வெளியே இருக்கிற யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஊர்க்காரர்கள் கையில் கொடுத்தால் அவர்களுக்கு இது வெள்ளைத் தாளாகத்தான் தெரியும், டீக்கடை ஐகோர்ட்துரை இதில் வடை மடித்துக் கொடுத்துவிடுவான்.

எங்கள் ஊர் தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கிறது. சிவப்பு மணல், பனை, கொல்லாமரம் என்கிற முந்திரி, ஆடியில் காற்று அடித்தால் சோற்றில் மணல் கடிபடும். அந்த ஊருக்கு முதன்முதலாக டிஷ் வைத்து வீடு வீடாகக் கேபிள் இழுத்தவன் நான். பனைக்குப் பனை கட்டி இழுத்தேன், பிறகு கேபிள் போய் நெட் வந்தபோது அதே பனைகளில் ஏறி நெட் ஒயரைக் கட்டினேன், ஊரில் எந்த வீட்டில் யார் என்ன பார்த்தாலும் அது என் ஒயரைத் தாண்டித்தான் வரவேண்டும். அந்த ஒயர் வழியாகத்தான் ஆன்லைன் ரம்மியும் வந்தது. வந்த பிறகு ஊரில் ஆண்பிள்ளைகள் குனிந்த தலை நிமிரவில்லை. பனையேறிகள் பனையுச்சியில் இருந்துகொண்டு ஆடினார்கள், மாப்பிள்ளைகள் மணவறையில் ஆடினார்கள், சுயம்புலிங்கத்தின் ஒரே மகன் சித்திரைவேலு கிணற்று மோட்டாரைக் கழற்றி விற்று ஆடினான், பிறகு கிணற்றையும் விற்றான், பிறகு ஒருநாள் பூச்சிமருந்தைக் குடித்தான், கக்க வைத்துக் காப்பாற்றினார்கள்.

சுயம்புலிங்கம் அன்றைக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதான். "அத்தான், ஒங்க ஒயரை அறுத்துப் போடுங்க. இல்லன்னா எம் பையனை நீங்களே பொதைச்சிருங்க" என்றான். ஒயரை அறுக்க வேண்டாம், கெட்டதை மட்டும் வடிகட்டுகிற பெட்டி இருக்கிறது, ஃபயர்வால் என்று பேர், வாங்கி மாட்டலாம் என்று சொன்னவன் நான். மதுரையிலிருந்து ஒரு எஞ்சினியர் பையன் அதைக் கொண்டுவந்தான். பார்க்க டிபன்பாக்ஸை அமுக்கித் தட்டையாக்கியது மாதிரி இருந்தது, முன்னால் பச்சை விளக்குகள் சிமிட்டின. கமிட்டி ஆட்கள் சுற்றி நின்று கேட்டார்கள்.

"எந்தெந்த சைட் வேணாமோ அதைப் போட்டுத் தடுக்கலாம். வகையாவும் தடுக்கலாம். சூதாட்டம்னு ஒரு டிக், ஆபாசம்னு ஒரு டிக், அவ்வளவுதான். இந்த ஒயருக்குள்ள இருக்கிற எந்த போன்லயும் அது வராது" என்றான் எஞ்சினியர்.

"வராதுன்னா என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. வெள்ளையா நிக்கும்."

"ஊருல எல்லாருக்குமா?"

"அட்மினுக்கு மட்டும் விதிவிலக்கு. என்னத்தத் தடுத்திருக்கோம்னு அவரு ஒருத்தராவது பாக்கணும்ல? அட்மின் யாரு?"

நியாயப்படி நான்தான். ஒயர் என்னுடையது, பனை ஏறிச் சிராய்த்தது என் மார்பு. ஆனால் என் வீட்டுக்காரி சண்முககனி கண்ணை மூடி அப்போது வருஷம் திரும்பவில்லை, அவள் தம்பி என் பக்கத்தில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முகச்சாயலில் நின்றான். சுயம்புவே இருக்கட்டும் என்றேன்.

அது கோயில் திருவிழாவான கொடை வாரம். எங்கள் ஊரில் அம்மன் கொடைக்குக் காப்புக் கட்டினால், ஊர் எல்லைக்குள் இருக்கிற ஒவ்வொரு உயிரும் அந்தக் கட்டுக்குள் வந்துவிடும், கட்டுக்குள் வந்தவர்கள் எல்லை தாண்டிப் போனாலும் கட்டு அவர்களோடு போகும். கொடை முடிந்ததும் கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும். வேறு கை பட்டால் முடிச்சு அவிழாது, கத்திக்கும் மசியாது. பெட்டியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, ஊரைக் காக்க வந்த பெட்டி, அம்மன் காலடியில் இருக்கட்டும் என்றார்கள். அங்கே வைத்ததும் சந்தனம் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள். காவல்காக்கிற சாமிக்குக் காப்புக் கட்டாமல் விடலாமா என்று யாரோ கேட்டார்கள். மதுரைப் பையன், "அண்ணாச்சி, அதெல்லாம் தேவையில்ல, பெட்டி சூடாயிரும்" என்று சிரித்தான், அவன் சொல்லை யாரும் காதில் வாங்கவில்லை. கட்டுகிற கௌரவம் ஒயர்க்காரனுக்கே என்று பூசாரி மஞ்சள் கயிற்றை என்னிடம்தான் நீட்டினார். நான் அதை வாங்கி மைத்துனன் கையில் கொடுத்தேன். சுயம்புலிங்கம் அதைப் பெட்டியைச் சுற்றி, மஞ்சள் கிழங்கு வைத்து மூன்று முடிச்சுப் போட்டான். கொட்டுக்காரர்கள் கொட்டினார்கள், பெண்கள் குலவை போட்டார்கள்.

அந்த வருஷம் கொடை முடிந்து எல்லோர் காப்பையும் அவிழ்த்தார்கள், பெட்டியின் காப்பை மட்டும் சுயம்புலிங்கம் அவிழ்க்கவில்லை. பெட்டிக்கு இன்னும் கொடை முடியலை என்றான். நல்ல பேச்சு என்று எல்லோரும் மெச்சினார்கள், நானும்தான்.

காப்புக் கட்டின மறுநாளே, போனில் ரம்மி வெள்ளையாய் நின்றதைப் பார்த்துவிட்டு ஆட்கள் பழையபடி கொல்லாமரத்தடியில் துண்டை விரித்துச் சீட்டுக்கட்டை எடுத்தார்கள். பிரித்தால் அத்தனை சீட்டும் வெள்ளை. ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. கொஞ்சநேரம் வெள்ளைச் சீட்டையே வைத்து ஆடிப் பார்த்தார்கள், யார் ஜெயித்தது என்று யாருக்கும் தெரியாததால் சண்டை வரவில்லை, சண்டை வராததால் அலுப்புத் தட்டி எழுந்து வேலைக்குப் போனார்கள். பெண்கள் அந்தச் சீட்டுகளைப் பொறுக்கிப் பால் கணக்கு எழுதினார்கள். பெட்டியில் சாராயம் என்று ஒரு வகை இருந்தது, அதற்கும் டிக் போடச் சொல்லி அதே பெண்கள் கேட்டார்கள். மறுநாள் மெயின்ரோட்டு மதுக்கடை இருந்த இடம் வெளுத்துவிட்டது, கடைக்குப் போகிறவன் வெளுப்பைச் சுற்றிக்கொண்டு நடந்து பஸ் ஸ்டாண்டில் போய் நின்றான், நின்றவன் வந்ததுதான் வந்தோம் என்று காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். யாரும் இதைப் பெரிதாய்ப் பேசவில்லை. மழை பெய்தால் குடை எடுப்பதுபோல, வெளுப்பு வந்தால் ஒதுங்கிப் போகப் பழகினார்கள்.

பிறகு பெட்டியின் தடைப் பட்டியலில் ஒவ்வொன்றாய் ஏறியது. கோயில் வரவுசெலவைப் பற்றி எழுதின ஒரு செய்தி சைட் ஏறியது, அதை எழுதினவன் வீட்டு மாடி வெளுத்தது. கபடியில் தகராறு செய்த பனையடிவிளை என்கிற ஊரே ஏறியது, அந்த ஊருக்குப் போகிற ரோடு வெளுத்து, அங்கே கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகளின் தாய்மார் கொஞ்ச நாள் தேடிவிட்டு, பிறகு எண்ணிக்கையில் ஒரு பிள்ளை குறைவாகச் சொல்லப் பழகினார்கள். பனையடிவிளைக்காரன் பண்ணினது அக்கிரமம், அதைப் போடு என்று கை தூக்கினவர்களில் நானும் ஒருத்தன், இப்போது கேட்டாலும் தூக்குவேன். ஒவ்வொரு தடவையும் கமிட்டி கூடிப் பேசித்தான் ஏற்றியது, ஒரே ஒரு தடவைதான் கமிட்டி கூடாமல் ஏறியது.

என் மகள் பொன்கனிக்கு அப்போது தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் வேலை. காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருவாள். வரும்போது கடல் உப்பு அவள் துப்பட்டாவில் ஒட்டியிருக்கும். சுயம்புலிங்கம் ஒருநாள் தட்டில் பழம் வைத்துக்கொண்டு வந்தான்.

"அத்தான், அக்கா இருந்தா நான் கேக்கவே வேண்டாம், அவளே தந்திருப்பா. சித்திரைவேலுக்கு நம்ம பொன்கனியைத் தாங்க. பையன் இப்பம் முன்ன மாதிரி இல்ல. திருந்திட்டான்."

"பையன் எங்கல திருந்தினான், சீட்டுல்ல திருந்திருக்கு" என்றேன். அவன் அதற்குச் சிரித்தான். யோசித்துச் சொல்லுங்க என்று பழத்தை வைத்துவிட்டுப் போனான்.

பொன்கனி பழத்தைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்பா, சித்திரை அத்தானைக் கட்டிக்கிட எனக்கு இஷ்டமில்ல. நான் சொன்னா மாமா காலைப் பிடிச்சு அழும், அழுதா நான் சரின்னு சொல்லிருவேன். எனக்கு என்னையத் தெரியும். நீங்க சொல்லிருங்கப்பா. நிச்சயத்தன்னைக்கு நாலு பேரு முன்னால மாட்டேன்னு நீங்க சொன்னா, அதுக்குப் பெறவு யாரும் கேக்க மாட்டாவ."

"ஒரு வார்த்தைதானே, சொல்லிருதேன். நீ போய்ச் சாப்பிடு."

எங்கள் ஊரில் நிச்சயம் என்றால் பெரியவர் ஒருத்தர் எழுந்து, பெண் வீட்டில் மறுப்பு உண்டா என்று மூன்று தடவை கேட்பார். அப்பன் பேசாமல் இருந்தால் சம்மதம், வெற்றிலை மாறிவிடும். அப்பன் மாட்டேன் என்றால் வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போகவேண்டும், அந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. நிச்சயத்துக்கு முந்தின நாள், வந்து அவமானப்பட வேண்டாமே என்று, நானே அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"முடிவாத்தான் சொல்லுதியளா அத்தான்?"

"முடிவாத்தான்."

"சரி. காபி குடிச்சிட்டுப் போங்க" என்றான். குடித்தேன். அவன் கையால் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் காலையில் பொன்கனி கையில் பால்செம்போடு எனக்கு நேரே வந்து, என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். வீடு முழுக்க அப்பா அப்பா என்று கூப்பிட்டாள். இந்தா இருக்கேன் என்றேன். தோளைத் தொட்டேன், ஈ உட்கார்ந்ததுபோல் தோளைக் குலுக்கினாள். சுவரில் இருந்த எங்கள் கல்யாணப் போட்டோவில் சண்முககனி மட்டும் மாலையோடு நின்றாள், அவள் பக்கத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. என் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. பெட்டி வாங்கினவன் அல்லவா நான்.

சுயம்புலிங்கம் வீட்டு முற்றத்தில் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு எனக்காகவே காத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அத்தான். உக்காருங்க."

"என்னல பண்ணி வச்சிருக்க?"

"கோவப்படாதிய. இன்னைக்கு நிச்சயம் முடியட்டும், கல்யாணம் முடியட்டும். மறுநாளே எடுத்துருதேன். அம்மன் சத்தியமா."

"இப்பமே எடு."

"எடுத்தா நீங்க மாட்டேன்னு சொல்லிருவியளே."

"சொல்லத்தான் செய்வேன்."

"அப்பம் எப்படி அத்தான் எடுக்க?" என்றான், நான்தான் நியாயம் இல்லாமல் பேசுகிறேன் என்பதுபோல.

அன்று சாயங்காலம் என் வீட்டில் ஜமுக்காளம் விரித்து ஊர் உட்கார்ந்தது. பொன்கனி தலைகுனிந்து உட்காரவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அந்த வாசலுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றேன். பெரியவர் எழுந்து, "பொண்ணு வீட்டுல மறுப்பு உண்டுமா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். இரண்டாவது தடவை கேட்டார். மாட்டேன் என்று நெஞ்சு கிழியக் கத்தினேன். மூன்றாவது தடவை கேட்டபோது வெற்றிலைத் தட்டைக் காலால் எட்டி உதைத்தேன், வெற்றிலை அறை முழுக்கச் சிதறியது.

"நடுவுல ஒரு வெள்ளை நிக்கி போல" என்றார் பெரியவர்.

"நிக்கட்டும். சண்முககனியாத்தான் இருக்கும், மவளைப் பாக்க வந்திருப்பா. வெத்தலையை அள்ளி ஆசீர்வாதம் பண்ணுதா" என்றாள் ஒரு கிழவி. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிதறின வெற்றிலையைப் பொறுக்கித் தட்டில் வைத்து, தாய்மாமன் என்ற முறையில் சுயம்புலிங்கமே பெண் வீட்டுக்கும் நின்று, அவனே கொடுத்து அவனே வாங்கினான்.

"அந்தக் கேபிள்காரரு எங்க போனாரு?" என்று யாரோ கேட்டார்கள். என் பெயர் யார் வாயிலும் வரவில்லை, வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது, அதனால் தொழிலைச் சொல்லிக் கேட்டார்கள்.

"பொண்ணுக்குச் செய்முறை செய்யணுமேன்னு ஓடியிருப்பாரு" என்றான் இன்னொருத்தன். எனக்குத் துரோகம் செய்தவர்களில் அவன்தான் இரண்டாவது ஆள்.

பொன்கனி அப்போதுதான் வாசலைப் பார்ப்பதை விட்டாள்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் பெட்டிக்குப் போகிற ஒயரை எல்லாம் அறுத்தேன். ஊரில் நெட் நின்றது, திட்டினார்கள், பச்சை விளக்கு அணைந்தது, ஆனாலும் பெட்டி அணைந்த பிறகும் நான் வெள்ளையாகவே இருந்தேன், என்னைப் பிடித்து வைத்திருந்தது ஒயர் அல்ல, காப்பு. பிளேயரைக் காப்புக் கயிற்றில் வைத்து அழுத்தினேன், தண்ணீரைக் கத்தரிப்பதுபோல் வழுக்கியது. பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன், அங்கே எல்லோருக்கும் தெரிந்தேன், மணி என்ன என்றுகூட என்னிடம் கேட்டார்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே இருந்த பாத்திர வியாபாரி ஒருத்தனிடம், நாவல்விளைக்குப் போனால் என் மகளிடம் இன்னது சொல் என்று சொல்லி அனுப்பினேன். அவன் எங்கள் ஊர் எல்லைக்கல்லைத் தாண்டியதும் கட்டுக்குள் வந்துவிட்டான், பொன்கனி முன்னால் போய் நின்று தலையைச் சொறிந்தான், கடைசியில் ஒரு இட்லிச்சட்டியை விற்றுவிட்டு வந்தான்.

கல்யாணம் முடிந்தது. பிள்ளை பிறக்கட்டும், எடுத்துருதேன் என்றான். பிள்ளைப்பேற்றுக்குப் பொன்கனியைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அதே ஆம்புலன்ஸில் நானும் போனேன். அங்கே ஒரு நர்ஸுக்கு நாங்கள் யார் என்று தெரியாது, கட்டும் கிடையாது. அவள் பொன்கனியிடம், "ஒங்க அப்பாவாம்மா? அப்பவே பிடிச்சி ஒங்க தலைமாட்டுலயே நிக்காங்க, ஒரு சேர் போடச் சொல்லட்டா?" என்றாள்.

பொன்கனி அவள் வாயையே உற்றுப் பார்த்தாள். "சிஸ்டர், என்ன சொன்னிய? வாய் மட்டும் அசையுது, எனக்கு ஒண்ணுமே கேக்கல" என்றாள். நர்ஸ் பயந்துபோய்க் காது டாக்டருக்குச் சீட்டு எழுதினாள். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, உலகத்தில் எவன் சொன்னாலும் என்னைப் பற்றின பேச்சு என் மகள் காதில் ஏறாது. கட்டினவன் வாய்க்கு மட்டும்தான் தடை இல்லை. ஒன்று அவன் அவிழ்க்க வேண்டும், இல்லை அவன் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும்.

ஊர் என்னை நன்றாகவே வைத்துக்கொண்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். புயலில் ஒயர் அறுந்தால் நான் பனை ஏறிக் கட்டுவேன், நம்ம ஊரு ஒயர் தானாவே சரியாயிரும் என்று வெளியூர்க்காரனிடம் பெருமையடித்தார்கள். ஐகோர்ட்துரை கடையில் காலையில் பெஞ்சு ஓரத்தில் உட்காருவேன், ஒரு டீ வைத்துவிடுவான்.

"என்னவே, பெஞ்சுல வெள்ளை உக்காந்திருக்கு?" என்பான் டீக்குடிக்க வந்தவன்.

"உக்காந்துட்டுப் போவட்டும். ஒம்மள மாதிரி நாளைக்குத் தாரேன்னு சொல்லுதா? அது பாட்டுக்குக் குடிக்கி, அது பாட்டுக்குப் போவுது."

"டீ நல்லா இருக்குன்னு சொல்லிச்சா?"

"நீரு மட்டும் சொல்லிருக்கீரா?"

என்னைப் பார்க்கிற கண் ஊரில் ஒன்றுதான், அது சுயம்புலிங்கத்தின் கண். அதனால் வெறுத்துக்கொண்டே அவன் வீட்டுக்குப் போவேன். மற்றவர்களுக்கு வெளுத்ததெல்லாம் அவன் ஒருத்தனுக்குத் தெரிந்தது. பனையடிவிளை ரோட்டில் நின்று மகள்கள் இந்தப் பக்கம் பார்த்து அழுவதும் தெரிந்தது. "அத்தான், எல்லாத்தையும் நானே பாக்க வேண்டியிருக்கு. யாருட்ட சொல்ல? ஒங்ககிட்டத்தான் சொல்லமுடியும்" என்பான், சொல்லிவிட்டு ஆறுதலாய் மூக்கைச் சிந்துவான். எப்பல அவுப்ப என்று கேட்பேன். பேரனுக்கு மொட்டை போடட்டும் என்பான். மொட்டை போட்டதும், சித்திரைவேலுக்கு ஒரு கடை வைத்துக் கொடுத்துவிடுகிறேன் என்பான். சித்திரைவேலு வைத்துக் கொடுத்த கடையை விட்டுவிட்டு வெளியூருக்கு வண்டி ஓட்டப் போனான், அங்கே ஊர் எல்லைக்கு அப்பால் தங்கினால் சீட்டு தெரியுமா என்று பார்க்கத்தான் போனான், கட்டு அவனோடு போனதால் தெரியவில்லை, ஆனாலும் அவன் திரும்பி வரவில்லை. தேடிக்கொண்டே இருக்கிறான்போல. பொன்கனி மாமனார் வீட்டில் பிள்ளையோடு தனியே நின்றாள்.

அந்த வருஷம் சுயம்புலிங்கத்தை வாதம் அடித்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. அந்தச் செய்தி கேட்டு ஊரே அழுதது, நானும் அழுதேன், என் முடிச்சு அந்த வலது கையில் அல்லவா இருக்கிறது. அன்று முதல் நான் அவன் கட்டிலை விட்டு நகரவில்லை. புரட்டிப் போடுவேன், முதுகில் புண் வராமல் பவுடர் போடுவேன், கஞ்சி ஊட்டுவேன், மாத்திரையை நேரத்துக்கு நாக்கடியில் வைப்பேன். பொன்கனி பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க வீட்டு வெள்ளை மாமாவை நல்லாப் பாத்துக்கிடுதுக்கா. நான் கஞ்சியை வச்சிட்டுப் போனா போதும்" என்று சொல்வாள். "எங்க மாமியாக்காரிக்கும் அப்படி ஒண்ணு கெடைச்சா கொள்ளாம்" என்பாள் அவள்.

மத்தியானம் வேலை ஓய்ந்தால் பொன்கனி என் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைப்பாள். பேச ஆளில்லாதவள், என்னிடம் பேசுவாள்.

"வெள்ளை, ஒனக்கு அப்பா உண்டுமா? எனக்கு இருந்தாவ. மாட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டேன். என் கண்ணைப் பாத்துச் சரின்னு சொல்லிட்டு ஓடிப்போயிட்டாவ. நான் இங்க படுத பாட்டைப் பாத்தியா நீ? செத்தாலும் நான் அவிய மொகத்துல முழிக்க மாட்டேன்" என்பாள். சொல்லிவிட்டு முறத்தைத் தட்டுவாள், உமி என் மேல் பறக்கும். சொன்னேன் தாயீ, மூணு தடவையும் சொன்னேன் என்று அவள் காதருகே நான் ஒவ்வொரு மத்தியானமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் கூந்தலில் ஒரு முடிகூட அசைந்ததில்லை.

பெட்டியைக் கோயிலில் இருந்து தூக்கிக்கொண்டு வந்து அவன் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். இப்போது அவனுக்குப் பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது, இடது கை எப்போதும்போல் நன்றாக இருக்கிறது, ஈ ஓட்டுகிறான். இன்று காலையில் பெட்டியை எடுத்து அவன் நெஞ்சில் வைத்தேன்.

"ஒரு கை போதும்ல சுயம்பு. ஒரு நுனியைப் பல்லால பிடி, இன்னொண்ணை இழு."

அவன் மஞ்சள் கயிற்றைத் தடவிப் பார்த்தான். பிடிக்கவில்லை.

"அவுத்தா... பொன்கனி... என்ன பாப்பா அத்தான்?"

"என்னையப் பாப்பா."

"அதுக்குப் பெறவு எனக்கு... கஞ்சி யாரு காய்ச்சுவா?"

"நான் காய்ச்சுதேன்."

"நீங்களும் போயிருவிய. ரெண்டுபேரும் போயிருவிய." அவன் கண் கலங்கியது. "சாவும்போது அவுக்கேன் அத்தான். அம்மன் சத்தியமா. கடைசியில அவுத்துருதேன்."

எப்போது கடைசி என்று அவனுக்கு எப்படித் தெரியும்? போன வாதம் அவனிடம் சொல்லிவிட்டா வந்தது? அதைக் கேட்க வாயெடுக்கும்போது பொன்கனி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, யாருட்ட பேசுதிய?"

நான் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவன் முகத்துக்கு நேரே குனிந்தேன். "சொல்லுல. காப்பை அவுக்காட்டாப் போ. ஒங்கப்பா இங்க நிக்காவன்னு வாயால சொல்லு. அன்னைக்கு மாட்டேன்னு சொன்னாவன்னு சொல்லு. அது போதும்ல எனக்கு."

அவன் என்னைப் பார்த்தான். என்னைத்தான் பார்த்தான், என் கண்ணை, என் நரைத்த தாடியை, ஒவ்வொன்றாய்ப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"யாருமில்லம்மா" என்றான், குழறாமல். "கஞ்சில உப்பு பத்தல."

அவள் போய் உப்பை எடுத்துவந்து கட்டில் ஓரத்தில், என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் உப்பைப் போட்டுக் கலக்கினேன். தலையணையை உயர்த்திப் புரை ஏறாமல் அவன் தலையைச் சாய்த்து வைத்தேன். சாயங்காலம் மாத்திரை தீர்கிறது, வாங்க வேண்டும், புது டாக்டர் ஒருத்தர் உடன்குடியில் வந்திருக்கிறாராம், அவரிடமும் காட்ட வேண்டும். என் மகள் காதில் ஏறவேண்டிய ஒரு வார்த்தையை இந்த வாய் எனக்குத் தரவேண்டியிருக்கிறது, தந்த பிறகு அது மூடிக்கொள்ளட்டும், அதுவரைக்கும் மூட விடமாட்டேன். அவன் வாயைத் திறந்தான். ஊட்டினேன். தொண்டை அசைந்து உள்ளே இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, அடுத்த கரண்டியை ஊதினேன்.